ரோடு போட துட்டு யாரு தர்றா? நெல்லை மாணவர்களுக்கு வீட்டு வரி ரசீதில் இருந்தே உள்ளாட்சிக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம்!

பாளையங்கோட்டையிலோ டவுனிலோ ஏதாவது ஒரு வகுப்பறைக்குப் போய், "உங்க தெருவுக்கு ரோடு போட துட்டு யாரு தர்றா?"ன்னு கேட்டுப் பாருங்க. "கவர்மெண்ட்"ன்னு முதல் பதில் வரும். எந்த கவர்மெண்ட்னு திருப்பிக் கேட்டா, முதலமைச்சர், எம்எல்ஏ, கவுன்சிலர் அண்ணாச்சின்னு ஆளுக்கு ஒரு பேர் சொல்வாங்க. கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு பிள்ளை "எங்க அப்பா"ன்னு சொன்னா வகுப்பே சிரிக்கும்.

ஆனா சரியான பதிலுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது அந்தப் பிள்ளைதான்.

உள்ளாட்சி பற்றி நம் பள்ளிகளில் பாடம் இல்லாமல் இல்லை. ஆறாம் வகுப்பு சமூக அறிவியலிலேயே ஊரக, நகர்ப்புற உள்ளாட்சி பற்றி வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் 'அரசாங்கமும் வரிகளும்' என்று தனியாக ஒரு பாடமே உண்டு. வருவாய் ஆதாரங்களை ஐந்து வரியில் மனப்பாடம் பண்ணி எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஐந்து வரிக்கும், வீட்டு வாசலில் குழி விழுந்து கிடக்கிற ரோட்டுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. பெரியவங்களுக்கும்தான்!

இதில் என்ன நஷ்டம்? 18 வயது ஆனதும் இதே பிள்ளைகள் கிராம சபையில் கையைத் தூக்கப் போகிறார்கள், வார்டு தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறார்கள். "ஃபண்ட் இல்லை" என்று ஒருத்தர் சொன்னால், எந்த ஃபண்ட் இல்லை என்று திருப்பிக் கேட்கத் தெரியணும். இந்த ஒரு கேள்வி தெரியாததால்தான் பல ஊர்களில் பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது.

வாங்க, நெல்லையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதல் பாடப்புத்தகம்: வீட்டு வரி ரசீது

வீட்டில் இருக்கிற சொத்து வரி ரசீதை எடுத்து வரச் சொல்லுங்க. பெயரையும் வரி விதிப்பு எண்ணையும் மறைத்துவிட்டால் போதும். மாநகராட்சிப் பகுதியில் இந்த வரியை அரையாண்டுக் கணக்கில் கட்டணும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் ₹5,000. (இது மாணவர்களை விட அவங்க அப்பா அம்மாவுக்கு உபயோகமான தகவல்!)

வீடு எந்தப் பகுதியில் இருக்கு, எத்தனை சதுர அடி, குடியிருப்பா கடையா என்பதை வைத்துத்தான் வரி கணக்கிடப்படுகிறது. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு வேறு வேறு தொகை வருவதற்குக் காரணம் இதுதான். வகுப்பில் இரண்டு ரசீதை அருகருகே வைத்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இப்போ சுவாரசியமான இடத்துக்கு வருவோம். சொத்து வரி மொத்தமும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. பொது நிர்வாகம், குடிநீர் மற்றும் வடிகால், ஆரம்பக் கல்வி என்று அது பிரிகிறது. இதோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. அதாவது சொத்து வரி ₹1,000 என்றால் நூலகத்துக்கு ₹100.

அந்த நூலகப் பணம் மாநகராட்சியுடையது கிடையாது. வசூல் பண்ணி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டிய பணம். 1948-ல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தில் இருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன், அக்காக்கள் புரட்டுகிற புத்தகத்தில் உங்க வீட்டுப் பங்கும் கொஞ்சம் இருக்கு.

"நாங்க வாடகை வீடு சார், வரி கட்டுறதில்லை" என்று ஒரு மாணவர் நிச்சயம் சொல்வார். வீட்டுக்காரர் கட்டுகிற வரி எங்கே இருந்து வருது? வாடகையில் இருந்துதானே!

வரி ஏறியது எப்போது? தேதியைப் பாருங்க

இங்கே கொஞ்சம் அரசியலும் சேர்த்துச் சொல்லலாம், தப்பில்லை. 2018-ல் தமிழகம் முழுக்க சொத்து வரி உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு வலுத்தது. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த ஆறு வாரத்தில், ஏப்ரல் தொடக்கத்தில், மறுபடி உயர்வு அறிவிப்பு வந்தது. நெல்லை மாதிரியான மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 25%, 601 முதல் 1,200 வரை 50%, 1,201 முதல் 1,800 வரை 75%, அதற்கு மேல் 100% என்று ஏறியது.

இரண்டு ஆட்சி, இரண்டு கட்சி. ஆனால் தேதிகளை வரிசையாகப் பலகையில் எழுதினால், தேர்தலுக்கு முன்னால் வரி இறங்குவதும், தேர்தல் முடிந்ததும் ஏறுவதும் ஏன் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

2022 உயர்வுக்கு அரசு சொன்ன காரணமும் முக்கியமானது. சொத்து வரியை ஒழுங்காக வளர்த்தால்தான் 15-வது நிதிக்குழுவின் மானியம் நகரங்களுக்குக் கிடைக்கும் என்று மத்திய அரசு நிபந்தனை வைத்திருந்தது. அதாவது டெல்லியில் இருந்து பணம் வரணும்னா, டவுன்ல வரி ஏறணும்.

வரி மட்டும்தானா? ஆட்டுச் சந்தையும் இருக்கு!

மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போயிருக்கீங்களா? பக்ரீத், தீபாவளி நேரத்தில் ஆடு வாங்க நிற்கிற கூட்டம் பார்த்தால் தலை சுற்றும். அது மாநகராட்சிச் சந்தை. அங்கே வசூலாகிற கட்டணம் மாநகராட்சியின் வருமானத்தில் சேரும். மாநகராட்சிக் கடைகளின் வாடகை, பஸ் ஸ்டாண்டுக்குள் வருகிற பேருந்துகளுக்கான கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம் எல்லாம் இதே வகைதான்.

சம்பளம் வாங்குகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் தொழில் வரி கட்டுகிறார்கள். இதற்கு அரசியலமைப்பிலேயே உச்சவரம்பு இருக்கிறது. எவ்வளவு சம்பாதித்தாலும் ஒருத்தரிடம் வருஷத்துக்கு ₹2,500-க்கு மேல் வாங்க முடியாது.

சினிமா டிக்கெட்டில் ஜிஎஸ்டி தவிர உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்று ஒன்று இருப்பதை மாணவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அதற்குத் தனிச் சட்டம் போட்டு உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள்.

அடுத்தது பத்திரப் பதிவு. இடம் வாங்கும்போது கட்டுகிற 7 சதவீத முத்திரைத் தீர்வையில், 2 சதவீதம் சொத்து மாற்றத்தின் மீதான கூடுதல் தீர்வை. அது உள்ளாட்சிகளுக்கானது. பத்து லட்ச ரூபாய் இடம் ஒன்று கை மாறினால், ₹20,000 உள்ளாட்சிப் பங்கு. ஆனால் இந்தப் பணத்தைப் பதிவுத்துறைதான் வாங்குகிறது. பிறகுதான் உள்ளாட்சிக்கு வந்து சேரும்.

கடையில் ஷாம்பு, பிஸ்கட்டுக்குக் கட்டுகிற ஜிஎஸ்டி? அதில் ஒரு பைசா கூட நேரடியாக மாநகராட்சிக்கு வராது. சுற்றி வரும். தமிழக அரசின் சொந்த வரி வருவாயில் 10% மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. மத்திய நிதிக்குழு மானியம் இன்னொரு வழி.

அந்தக் காலத்தில் பாலத்துக்கு யார் பணம் கொடுத்தது?

தினமும் நாம் கடந்து போகிற சுலோச்சன முதலியார் பாலத்தை இந்தப் பாடத்தில் சேர்க்காமல் விட முடியாது. நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் தாமிரபரணியைக் கடக்கப் பாலம் இல்லாமல், படகுத்துறையில் மக்கள் முண்டியடித்த காலம் அது. பாலம் கட்ட மக்களிடம் வசூல் பண்ணலாம் என்றுதான் முதலில் யோசித்தார்கள் என்பார்கள். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார், தன் சொந்தச் சொத்தைப் போட்டுக் கட்ட முன்வந்தார். ஹார்ஸ்லி என்ற பொறியாளர் வடிவமைத்த, 11 வளைவுகள் கொண்ட அந்தப் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது.

பெருமையான கதைதான். ஆனால் வகுப்பில் அதோடு நிறுத்தாமல் அடுத்த கேள்வியையும் கேட்கணும். வெள்ளம் வந்து பாலத்தை உடைத்தால் யார் சரிபண்ணுவது? அந்தச் சந்தேகம் கற்பனை இல்லை. 1869 வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி உடைந்தது, பிறகு திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு நல்ல மனுஷன் ஒரு தடவை கட்டிக் கொடுக்கலாம். வருஷா வருஷம் பராமரிக்க நிரந்தரமான ஒரு வரவு வேணும்.

அந்தப் பாலம் திறந்து 23 வருஷம் கழித்து, 1866-ல்தான் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நகராட்சிகள் வந்தன. தெரு, விளக்கு, குப்பை இதற்கெல்லாம் ஊர் மக்களே வரி கட்டுவது என்ற ஏற்பாடு அப்போதுதான் இங்கே காலூன்றியது. 1994-ல் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் பகுதிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆனது. இப்போது 4 மண்டலம், 55 வார்டு.

ஒரே பணப்பெட்டி கிடையாது

உள்ளாட்சி நிதியில் எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். "அவ்வளவு கோடி வருது, எங்க தெருவுக்கு ரெண்டு லட்சம் இல்லையா?" என்ற கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோடிகள் ஒரே பெட்டியில் இல்லை.

அஞ்சறைப் பெட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்க. கடுகு இருக்கிற கிண்ணத்தில் சீரகத்தைப் போட முடியாது. மாநகராட்சியிலேயே வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று தனித்தனிக் கணக்கு உண்டு. கிராம ஊராட்சியிலும் அப்படித்தான். பொதுக் கணக்கு ஒன்று, மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்கான தொகையும் கட்ட இன்னொன்று, திட்டங்களுக்கு வேறொன்று. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். இவங்க ரெண்டு பேருக்கும் ஆகாது என்றால் ஊரில் பல்பு கூட மாறாது என்பது கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தான் தெரியணும்னு இல்லை.

மத்திய நிதிக்குழு மானியத்துக்கு இன்னும் கறாரான லேபிள். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு வகுத்த விதிப்படி, ஊரக உள்ளாட்சிக்கு வருகிற மானியத்தில் 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான். மிச்ச 40 சதவீதத்தை ஊரின் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளம் கொடுக்கக் கூடாது.

அப்போ தூய்மைப் பணியாளர் சம்பளத்தையும் தெருவிளக்கு பில்லையும் எதில் கட்டுவது? சொந்த வரியிலும் மாநில நிதி ஆணையப் பணத்திலும்தான். வீட்டு வரி வசூல் குறைந்தால் முதலில் அடிபடுவது இந்த அன்றாடச் செலவுகள்தான்.

வகுப்பில் விளையாடிப் பாருங்க: ₹100 ஊராட்சி

இதைப் பேசிப் புரியவைப்பதை விட விளையாடிக் காட்டுவது சுலபம். கீழே இருக்கிற தொகைகள் கற்பனைதான், எந்த ஊரின் கணக்கும் இல்லை. ஆனால் விதிகள் நிஜம்.

வகுப்பை ஓர் ஊராட்சியாக வைத்துக்கொள்ளுங்க. மொத்த வரவு ₹100. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் என்று சொந்த வருமானம் ₹20, பச்சைச் சீட்டு. மாநில நிதி ஆணையப் பங்கு ₹30, மஞ்சள் சீட்டு. மத்திய மானியம் ₹50. அதில் குடிநீர், சுகாதாரத்துக்கான ₹30 நீலச் சீட்டு, ஊர்த் தேவைக்கான ₹20 வெள்ளைச் சீட்டு.

இப்போ செலவு. தெருவிளக்கு, மோட்டார் கரண்டு பில் ₹25. தூய்மைப் பணியாளர், தண்ணீர் திறந்துவிடுகிற பம்ப் ஆபரேட்டர் சம்பளம் ₹20. இந்த ₹45-ஐ பச்சை, மஞ்சள் சீட்டில் இருந்து எடுத்து வைத்துவிடணும். ரெண்டும் சேர்ந்து ₹50 இருந்தது, மிச்சம் ₹5.

நீலச் சீட்டு ₹30 குழாய்க்கும் கழிவுநீர்க்கும் போயாச்சு. தொடக் கூடாது.

அப்போ வகுப்பே சேர்ந்து முடிவெடுக்க மிஞ்சுவது எவ்வளவு? வெள்ளை ₹20, மிச்சம் ₹5. ஆக மொத்தம் ₹25. நூறு ரூபாய் வருகிற ஊரில், கிரவுண்டா, சிமெண்ட் ரோடா, சுடுகாட்டுப் பாதையா என்கிற சண்டை எல்லாம் இந்த 25 ரூபாய்க்குத்தான்!

இரண்டாவது சுற்றில் ஒரு சின்ன மாற்றம் பண்ணுங்க. ஊரில் பாதிப் பேர் வரி கட்டவில்லை, பச்சைச் சீட்டு ₹20-க்குப் பதில் ₹10 என்று சொல்லுங்க. பச்சையும் மஞ்சளும் சேர்த்து ₹40. பில்லும் சம்பளமும் ₹45. ஐந்து ரூபாய் குறையுது. வெள்ளைச் சீட்டு கையில் இருக்கு, ஆனால் அதில் சம்பளம் கொடுக்க முடியாது. யாருடைய சம்பளத்தைத் தள்ளிப்போடுவது, எந்தத் தெரு விளக்கை அணைப்பது? இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். பாடம் உள்ளே இறங்கும் நேரம் அதுதான்.

மாணவர்களுக்கு நிஜப் பணத்தையே கொடுத்துப் பார்த்த நாடுகளும் உண்டு. போர்ச்சுகலில் 2017 முதல் பள்ளிகளுக்கான பங்கேற்பு பட்ஜெட் என்று ஒரு திட்டம். ஒரு மாணவருக்கு ஒரு யூரோ, சின்னப் பள்ளியாக இருந்தாலும் குறைந்தது 500 யூரோ. ஏழாம் வகுப்பு தொடங்கி மேலே படிக்கிற மாணவர்கள் யோசனை சொல்லி, பிரச்சாரம் பண்ணி, ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிறார்கள். இதற்கெல்லாம் முன்னோடி பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம். 1989-லேயே நகர பட்ஜெட்டின் ஒரு பகுதியை மக்கள் கூட்டம் போட்டு முடிவு பண்ண ஆரம்பித்தார்கள்.

தாமிரபரணியில் சாக்கடை: பணம் இல்லையா, பொறுப்பு இல்லையா?

நெல்லையில் இந்தப் பாடத்தை நடத்தினால் ஆற்றைப் பற்றிய கேள்வி வராமல் இருக்காது. பொதிகையில் இருந்து புன்னைக்காயல் வரை ஓடுகிற இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. சீவலப்பேரியில் இருந்து கோவில்பட்டிக்கே குழாயில் போகிறது. அப்படிப்பட்ட ஆற்றில் சாக்கடை கலக்குது. இது தொடர்பான வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாதாள சாக்கடை போடுவது முதலீட்டுச் செலவு. மத்திய அரசு, மாநில அரசு, கடன், வீட்டு இணைப்புக்கான வைப்புத்தொகை என்று பல கையில் இருந்து வரும். குழாய் பதித்து முடித்து ரிப்பன் வெட்டியதும் அந்தப் பணம் முடிந்தது. அதற்குப் பிறகு தினமும் பம்ப் ஓடணும், கரண்டு பில் கட்டணும், அடைப்பு எடுக்கணும். இது குடிநீர் வடிகால் நிதிக்கு வந்து விழுகிற செலவு. இணைப்பே வாங்காமல் கழிவுநீரை வாய்க்காலில் விடுகிற வீடுகள் இருந்தால் வருமானமும் வராது, சாக்கடையும் நிற்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஊருக்குள் ஓடுகிற பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் பாசனக் கால்வாய்கள், நீர்வளத்துறையின் பொறுப்பு. அதில் விழுகிற கழிவுநீர் மாநகராட்சியின் பொறுப்பு. தண்ணீர் ஒரு துறை, அழுக்கு இன்னொரு துறை! ரெண்டு அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தவர்களுக்கு இது நகைச்சுவையாகத் தெரியாது.

அதனால் எந்தப் பிரச்சனையிலும் முதல் வீட்டுப்பாடம், "இது யாரோடது?" என்று கண்டுபிடிப்பது. தெரு ரோடு மாநகராட்சியுடையது. பல முக்கிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஊருக்கு வெளியே போகிற நான்கு வழிச்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. டவுனில் இருக்கிற கல்லணைப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாநகராட்சிப் பள்ளி. கிராமத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி என்று போர்டு இருக்கும், ஆசிரியர் சம்பளம் பள்ளிக்கல்வித் துறையில் இருந்து வரும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கடையில் கொடுத்த ₹6,000 மாநில அரசின் பணம். வெள்ளம் வடிந்த பிறகு தெருவில் சேறு அள்ளியது உள்ளாட்சிப் பணியாளர்கள்.

பள்ளியில் இருந்து வீடு வரை நடந்து போகும்போது கண்ணில் படுகிற பத்து விஷயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருடைய பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்க. ஆசிரியருக்கே ரெண்டு மூன்று தெரியாமல் போகலாம், பரவாயில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்வதும் பாடம்தான்.

கணக்கை எங்கே போய்க் கேட்பது?

கிராமத்தில் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. இதில் மார்ச் 22 உலக தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். இந்த ரெண்டும் 2022-ல் சேர்க்கப்பட்டவை. ஊராட்சியின் வரவு செலவைச் சபையில் வைக்கணும். ஓட்டு உள்ளவர்கள் பேசித் தீர்மானம் போடலாம். நெல்லை மாவட்டத்தில் 9 ஒன்றியங்களிலும் சேர்த்து 204 ஊராட்சிகள் இருக்கின்றன. சில மாணவர்கள் நோட்டோடு போய் உட்கார்ந்து, என்ன படித்தார்கள், யார் கேள்வி கேட்டார்கள் என்று குறித்து வந்தாலே அடுத்த வகுப்புக்குத் தேவையான சரக்கு கிடைத்துவிடும்.

நகரத்தில் வார்டு குழு, பகுதி சபை. இதுவும் 2022-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் மக்கள் கூட்டம். இப்படி ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. "உங்க வார்டு எண் என்ன?" என்று கேட்டால் முழிக்கிற பெரியவங்க நிறைய.

மாநகராட்சி பட்ஜெட்டையும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். தடிமனைப் பார்த்து மிரள வேண்டாம். போன வருஷம் எதிர்பார்த்தது எவ்வளவு, நிஜமாக வந்தது எவ்வளவு என்ற ரெண்டு எண்ணை மட்டும் எடுத்து, நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்தால் போதும். கையில் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கு, மனுவுக்கு ₹10 கட்டணம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதியும் உறுப்பினர் என்பதால், கவுன்சிலரையோ ஊராட்சித் தலைவரையோ வகுப்புக்கு அழைப்பதும் கஷ்டமில்லை. பொன்னாடை போட்டு வழியனுப்பாமல், ஐந்து கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளணும்.

"வேண்டாம்"னு மட்டும் சொன்னா அஞ்சு காசு அபராதம்!

சபை கூடிப் பேசுவது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. நெல்லையில் இருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் இருக்கிற மானூரில், அம்பலவாண சுவாமி கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலம், சுமார் கி.பி. 800. எல்லாரும் பெருமையாகச் சொல்கிற உத்திரமேரூர் கல்வெட்டுக்கும் நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. சபையில் யார் உறுப்பினராகலாம் என்று தகுதியை விவரிக்கிற அந்தக் கல்வெட்டில் ஒரு விதி ரொம்ப சுவாரசியம். எந்த விஷயம் வந்தாலும் "வேண்டாம், வேண்டாம்" என்று முட்டுக்கட்டை போடுகிறவர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் கட்டணும்!

அது எல்லாருக்குமான சபை இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடணும். நிலப் பங்கு உள்ள, வேதம் கற்ற பிராமண ஆண்களுக்குத்தான் அங்கே இடம். வயலில் வேலை செய்தவர்களுக்கும் பெண்களுக்கும் பேச்சு கிடையாது. இன்றைக்கு அதே மானூர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைநகர். 73-வது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, 1994-ல் வந்த ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் கிராம சபை உறுப்பினர்தான்.

அடுத்த கிராம சபைக்குப் போகிற மாணவர்களுக்கு மூன்று கேள்விகளைக் கொடுத்து அனுப்புங்க. போன வருஷம் வீட்டு வரி எவ்வளவு வரணும், எவ்வளவு வந்தது? மத்திய மானியத்தில் குடிநீர், சுகாதாரத்துக்கான பங்கு எந்த வேலைக்குப் போச்சு? தெருவிளக்கு கரண்டு பில் பாக்கி இருக்கா? ஓட்டுரிமை வரும் வரை, கூடப் போகிற அப்பாவோ ஆச்சியோ எழுந்து கேட்கட்டும். பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு வருவது பிள்ளைகளின் வேலை.